திருவனந்தபுரத்தின் படிப்பு தெற்கிலிருந்து வந்தது

நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். திருவனந்தபுரத்துக்கு 70க்குள். இந்தக் கணக்கு எங்கள் பக்கத்து மக்களின் வாழ்க்கையில் நிறையவே தீர்மானிக்கிறது. மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒருவருக்கு நோய் முற்றிவிட்டால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கோ ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்கோ அழைத்துப்போவது இன்றும் வழக்கம். வளைகுடா விமானம் ஏறுகிறவர் அங்கே போய்த்தான் ஏறுகிறார். 1979இல் போடப்பட்ட நாகர்கோவில், கன்னியாகுமரி ரயில் பாதையும் நிர்வாகத்தில் திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் படிப்பு என்று வரும்போது மட்டும் பெற்றோரின் பார்வை மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் திரும்பிவிடுகிறது. திருவனந்தபுரத்தின் கல்லூரியும் நூலகமும் இசைக்கூடமும் அடுத்த மாநிலத்துச் சமாசாரமாகிவிட்டன.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. அந்த நகரத்தின் கல்வியும் இசையும் ஆய்வும் பெருமளவு நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் போனவர்களால் உருவானவை. எல்லைக்கு இந்தப் பக்கம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது தெரிவதில்லை. அந்தப் பக்கம் படிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிவதில்லை. இரு பக்கத்துப் பாடநூல்களும் மாநில எல்லையோடு நின்றுவிடுகின்றன என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தொடக்கம் மிகவும் பழையது. குமரி மாவட்டத்தின் மேற்கில், முன்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் என்ற ஊர் இருக்கிறது. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866இல் அங்கே ஒரு விஷ்ணு கோயிலையும், அதைச் சார்ந்து ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்பது அன்றைக்கு உணவும் இருப்பிடமும் கொடுத்துப் படிக்கவைத்த கல்விக்கூடம். அந்த ஏற்பாட்டைச் சொல்லும் செப்பேடுகள் தமிழில், வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் எழுதப்பட்டவை. பின்னாளில் திருவனந்தபுரத்து அரசுத் தலைமை அலுவலகத்தில் கிடைத்ததால் ஹஜூர் கச்சேரிச் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன.

இந்தச் செப்பேட்டைப் படிக்கும்போது ஒரு கல்வி நிர்வாகியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். மன்னன் அந்த இடத்தைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. உழக்குடிவிளை என்ற நிலத்தை முன்சிறைச் சபையாரிடமிருந்து, ஈடாக வேறு நிலம் கொடுத்துப் பெற்றான். படிக்க வருகிற சட்டர்களுக்கு 95 இடங்கள். அவற்றில் வேதப் பிரிவு வாரியாகப் பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரியருக்கு 36, தலவகாரருக்கு 14 என்று பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. சேர வருகிறவர் இலக்கணமும் வேதச் சடங்கும் மட்டும் அறிந்திருந்தால் போதாது. மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். சேர, சோழ, பாண்டிய நாடுகளின் ஆட்சி வழக்கம் என்று அறிஞர்கள் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். சட்டர்கள் ஒருவரை ஒருவர் வைதால் தண்டம் உண்டு. ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக் கூடாது. விடுதி விதிமுறை என்று இன்று ஒரு கல்லூரி அச்சடித்துக் கொடுப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. இடங்கள் எல்லாம் பிராமணர்களுக்கு உரியவை என்பதையும் மறக்கக் கூடாது. அந்த வாசல் மற்றவர்களுக்குத் திறக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்தச் சாலையின் ஒழுங்குகளுக்கு மாதிரி காந்தளூர் என்று செப்பேடே சொல்கிறது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்று வருகிறதே, அதே காந்தளூர். இன்றைய திருவனந்தபுரத்தின் வலியசாலைப் பகுதியே அது என்பது பலரும் ஏற்கும் கருத்து. கலமறுத்தது கப்பலையா, வேறொன்றையா என்ற வாதம் நூறாண்டாக நடக்கிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே திருவனந்தபுரத்துக்கும் முன்சிறைக்கும் நடுவே கல்விக்கு ஒரே விதி இருந்தது.

1795 வாக்கில் திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. தலைநகரம் மாறும்போது அரண்மனை மட்டும் மாறுவதில்லை. கணக்கெழுதுகிறவர், சோதிடர், சிற்பி, நகை செய்பவர், பாடகர், பலசரக்கு வணிகர் என்று ஒரு கூட்டமே பின்னால் போகும். விளவங்கோட்டுக் குன்னத்தூரில் பிறந்த திவான் ராஜா கேசவதாஸ் அங்கே 'சாலை' எனப்படும் கடைத்தெருவை அமைத்தார். இரணியல் செட்டிமார்களும் நாஞ்சில் வேளாளரும் அங்கே குடியேறினார்கள். கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் தமிழ் அக்கிரகாரங்கள் நீண்டன. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களின் நெல் அந்த நகரத்துக்குச் சோறு போட்டது. இத்தனை பேர் தமிழ் பேசிய நகரத்தில் தமிழ்ப் படிப்புக்குத் தனியாக யாரும் வாதாட வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆங்கிலக் கல்வியும் தெற்கிலிருந்துதான் போனது. 1809இல் ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடியில் பள்ளி தொடங்கினார். அவருக்குப் பின் வந்த மீட் பாதிரியார் பணிகளை நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார்; அங்கே உருவான செமினரிதான் பிற்காலத்து ஸ்காட் கிறித்தவக் கல்லூரியின் வேர். நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளி நடத்திவந்த ராபர்ட்ஸ் என்பவரின் பணியைப் பார்த்து மகிழ்ந்த மன்னர் சுவாதித் திருநாள் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துக்கொண்டார். 1834இல் அப்படித் தொடங்கிய பள்ளியே ராஜாவின் இலவசப் பள்ளி. அது 1866இல் மகாராஜா கல்லூரியாக வளர்ந்தது. இன்று யூனிவர்சிட்டி காலேஜ் என்று நகரத்தின் நடுவே செந்நிறக் கட்டடமாக நிற்பது அதுதான்.

அந்தக் கல்லூரியில் படித்து அங்கேயே பேராசிரியரானவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855இல் ஆலப்புழையில் பிறந்தார். தத்துவமும் வரலாறும் கற்பித்தார். பேரூர்க்கடையில் தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரால் ஹார்விபுரம் என்று வீடு அமைத்து வாழ்ந்தார். 1891இல் அவர் வெளியிட்ட மனோன்மணீயம் நாடகத்தின் தமிழ்த் தெய்வ வணக்கத்திலிருந்து எடுத்த பகுதிதான் 'நீராரும் கடலுடுத்த'. 1970இல் தமிழ்நாடு அரசு அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021இல் மாநிலப் பாடலாகவும் அறிவித்தது. தமிழ்நாட்டில் அரசு விழா எதுவும் இந்தப் பாட்டு இல்லாமல் தொடங்குவதில்லை. ஆனால் அதை எழுதியவர் ஒரு மலையாள நாட்டுத் தலைநகரத்துப் பேராசிரியர் என்பதை எத்தனை பள்ளிகளில் ஆசிரியர் எடுத்துச் சொல்கிறார்? திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைப் பற்றிக் கல்வெட்டுகளைக் கொண்டு 1894இல் ஆங்கிலத்தில் எழுதியவரும் அவரே. நாடகத்துக்கும் கல்வெட்டுக்கும் சைவத்துக்கும் மேலைத் தத்துவத்துக்கும் ஒரே மனிதரின் வீட்டில் இடம் இருந்தது. 1892 டிசம்பரில் திருவனந்தபுரம் வந்த விவேகானந்தர் அவரையும் சந்தித்தார். 42 வயதில், 1897இல், சுந்தரம் பிள்ளை காலமானார். இன்னும் 20 ஆண்டுகள் இருந்திருந்தால் தென்னாட்டு வரலாற்றெழுத்து வேறு விதமாகப் போயிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வடமொழி ஆய்விலும் இதே கதைதான். திருநெல்வேலித் தருவையில் பிறந்த கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் வடமொழி நூல் வரிசையைத் தொடங்கினார். பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரை மடத்தில் கிடைத்த ஓலைச்சுவடிகளை வைத்து, பாசருடையவை என்று நாடகங்களை 1912இல் அச்சிட ஆரம்பித்தார். பெயரளவில் மட்டும் தெரிந்திருந்த ஒரு நாடகாசிரியரின் படைப்புகள் எங்கள் கல்குளம் தாலுகாவின் ஒரு மடத்துப் பரணிலிருந்து உலகத்துக்கு வந்தன. அவை உண்மையிலேயே பாசர் எழுதியவைதானா என்று இன்றும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். சுவடி இங்கே, அச்சகமும் அறிஞரும் அங்கே என்ற ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். கிராமம் காத்து வைத்திருந்ததைத் தலைநகரம் வெளியே கொண்டுவந்தது.

இசையைப் பற்றிச் சொல்லாமல் திருவனந்தபுரத்தைச் சொல்ல முடியாது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு சுவாதித் திருநாள் அவையில் இருந்தார். தந்தத்தால் ஆன வயலினை மன்னர் அவருக்குப் பரிசளித்தார். வயலின் கர்நாடக இசைக்குள் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பாபநாசம் சிவன் சிறுவயதில் இந்த நகரத்தில் வளர்ந்தவர். வடிவீசுவரத்தோடு தொடர்புடைய நீலகண்ட சிவனின் பஜனைகளைக் கேட்டு வளர்ந்தார். 1939இல் சுவாதித் திருநாள் இசைக்கூடம் தொடங்கியபோது அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் தலைவரானார். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் வந்தார். சுவாதித் திருநாள் கீர்த்தனைகள் இன்று கச்சேரி மேடைகளில் ஒலிப்பதற்கு இந்த இரு தமிழர்களின் உழைப்பு முக்கியமான காரணம்.

அந்த இசைக்கூடத்தில் சேர்ந்த முதல் மாணவி பாறசாலை பொன்னம்மாள். பாறசாலை என்றால் களியக்காவிளைக்கு அடுத்து கேரளப் பக்கம் வரும் முதல் ஊர். 1924இல் பிறந்தவர். படித்த கூடத்திலேயே முதல் பெண் ஆசிரியரானார். பின்னர் திருப்பூணித்துறை இசைக் கல்லூரிக்கு முதல் பெண் முதல்வரும் ஆனார். இத்தனை இருந்தும் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் பாட அவருக்கு இடமில்லை. அங்கே பெண்கள் பாடும் வழக்கம் இல்லை என்று சொல்லப்பட்டது. 2006இல்தான் அந்த வழக்கம் உடைந்தது. பொன்னம்மாள் உட்கார்ந்து பாடியபோது 80 வயதைத் தாண்டியிருந்தார். அவருடைய குரல் முழு வலுவோடு இருந்த பல பத்தாண்டுகளை அந்த மண்டபம் இழந்தது. அதற்கு யாரும் ஈடு செய்ய முடியாது. 2017இல் பத்மஸ்ரீ வந்தது; 2021இல் காலமானார்.

நவராத்திரி மண்டபத்தின் நாயகியும் தெற்கிலிருந்து வருகிறவள்தான். கம்பர் வழிபட்டது என்று வழிவழியாக நம்பப்படும் சரசுவதி விக்கிரகம் பத்மநாபபுரம் அரண்மனையின் வழிபாட்டிடமான தேவாரக்கெட்டில் இருக்கிறது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் சரசுவதியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரசுவாமியும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள். அரண்மனையில் மன்னரின் உடைவாளை எடுத்துக் கைமாற்றிக் கொடுத்த பிறகே ஊர்வலம் கிளம்பும். முதல் இரவு குழித்துறை, மறு இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் தலைநகரம். களியக்காவிளையில் தமிழ்நாட்டுக் காவல் துறை விடைகொடுக்க, கேரளக் காவல் துறை மரியாதையோடு வரவேற்கும். கல்விக்குரிய தெய்வம் ஆண்டுக்கொரு முறை எல்லை தாண்டிப் போய் ஒன்பது நாள் இசை கேட்டுவிட்டுத் திரும்பி வருவதை இரு மாநில அரசுகளும் சேர்ந்து நடத்துகின்றன. வேறு எந்தக் கல்விப் பணியிலும் இந்த ஒத்துழைப்பை நான் பார்க்கவில்லை.

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன்பு நடந்தது எளிய போராட்டமல்ல. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தாய்மொழியில் ஆட்சியும் படிப்பும் வேண்டும் என்று கேட்டவர்கள் கேட்டது நியாயம். அந்தத் தியாகத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தமிழில் படித்து அரசுப் பணிக்குப் போக அதுவே வழி திறந்தது. ஆனால் அந்தப் புதிய எல்லைக்கோடு திருவனந்தபுரத்துத் தமிழுக்கு என்ன செய்தது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேரூரில் பிறந்த கவிமணி திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 1931இல் ஓய்வு பெற்றார். வையாபுரிப் பிள்ளை இளமையில் அங்கே வக்கீலாக இருந்தார். 1950களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறைக்குத் தலைமை ஏற்றார். இவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது தலைநகரத்துக் கல்வி நிறுவனம். மாணவர்கள் நாஞ்சில் நாட்டிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் வந்துகொண்டே இருந்தார்கள். 1956க்குப் பிறகு அந்த மாணவர்கள் வேறு மாநிலத்தவர் ஆனார்கள். அவர்களுக்குச் சென்னையும் மதுரையும் பாளையங்கோட்டையும் புதிய திசைகளாயின. திருவனந்தபுரத்துத் தமிழ்த் துறைகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு ஆள் தந்த நிலம் கையை விட்டுப் போய்விட்டது.

இதற்குப் பிந்தைய தமிழ் எழுத்தாளர்களைப் பாருங்கள். நகுலன் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். நீல பத்மநாபன் மின்வாரியத்தில் பொறியாளர். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்தினார். 'பள்ளிகொண்டபுரம்', 'நினைவுப் பாதை', 'கிருஷ்ணப் பருந்து' என்று நவீனத் தமிழின் முக்கியமான நாவல்கள் இந்த நகரத்தில் எழுதப்பட்டன. இவர்களில் இருவர் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றார்கள். மூவருக்கும் தமிழ் சோறு போடவில்லை. வேலை முடிந்த மாலையிலும், கடை ஓய்ந்த மத்தியானத்திலும் எழுதினார்கள். சுந்தரம் பிள்ளை காலத்தில் கல்லூரியின் நடுக்கூடத்தில் இருந்த தமிழ், வீட்டுத் திண்ணைக்கும் கடையின் கல்லாப்பெட்டிக்கும் இடம் மாறியது. தரம் குறையவில்லை, சொல்லப்போனால் தனிமையே நகுலனின் எழுத்துக்குக் கூர்மை தந்தது. ஆனால் அடுத்த தலைமுறையைப் பயிற்றுவிக்கும் ஏற்பாடு மாலை நேரத்துத் தமிழால் ஆகிற காரியமில்லை.

நிறுவனத்துக்குள் இருந்துகொண்டே வழி கண்டவர் ஒருவர் உண்டு. வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறையிலும் பின்பு மொழியியல் துறையிலும் தலைமை வகித்தார். தமிழையும் மலையாளத்தையும் கன்னடத்தையும் தெலுங்கையும் பழங்குடி மொழிகளையும் ஒரே மேசையில் வைத்து ஆராய்வது என்று முடிவு செய்தார். புறநானூற்றுச் சொல்லடைவு அங்கிருந்து வந்தது. திராவிட மொழியியல் கழகமும், 1977இல் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியும் அவர் முயற்சியில் உருவாயின. 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தர் வேண்டும் என்றபோது தமிழ்நாடு அரசு திருவனந்தபுரத்திலிருந்துதான் ஆளைக் கண்டெடுத்தது.

பள்ளிக்கூடத்து நிலைமை இதைவிடச் சிக்கலானது. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தார்கள். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருப் பகுதியில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு வழி சொல்கிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. எழுத்தில் உரிமைக்குக் குறைவில்லை. ஆனால் வேலை, நுழைவுத் தேர்வு, அரசு அலுவலகம் எல்லாம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும் நகரத்தில், பிள்ளையைத் தமிழ் வகுப்பில் சேர்க்கத் தாய் தந்தையர் தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடமாயிற்று. 2006இல் தமிழ்நாடு கொண்டுவந்த தமிழ் கற்றல் சட்டத்தால் குமரி மாவட்டத்து மலையாள வழிப் பள்ளிகள் இதே நெருக்கடியைச் சந்தித்தன. விளவங்கோட்டில் மலையாளம் பேசும் வீட்டுக் குழந்தையும் கரமனையில் தமிழ் பேசும் வீட்டுக் குழந்தையும் ஒரே சுமையைத்தான் சுமக்கிறார்கள். இரு அரசுகளும் தத்தம் மொழியைக் காப்பதாகச் சொல்லி அடுத்தவர் பிள்ளையின் மொழியைச் சுருக்குகின்றன.

இதைச் சரிசெய்ய முடியாதா என்றால், முடியும் என்றே நம்புகிறேன். எல்லையோர மாவட்டத்து மாணவர்களுக்குத் திருவனந்தபுரத்துத் தமிழ்த் துறைகளிலும் இசைக் கல்லூரியிலும் சில இடங்கள் ஒதுக்குவது, பதிலுக்கு நாகர்கோவில் கல்லூரிகளில் மலையாளம் படிக்க வருகிறவர்களுக்கு இடம் தருவது, ஓய்வுபெறும் தமிழாசிரியரின் பணியிடத்தைக் காலியாக விடாமல் உடனே நிரப்புவது ஆகிய மூன்றுக்கும் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். இரண்டு கல்வித் துறைச் செயலாளர்கள் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் போதும்.

இதில் எல்லாவற்றுக்கும் முந்திச் செய்ய வேண்டிய வேலை கோட்டைப் பகுதியில் காத்திருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் எனப்படும் ஓலைகள் லட்சக்கணக்கில் அங்குள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2022 இறுதியில் அதே இடத்தில் ஓர் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. நில வரவு, கோயில் செலவு, வரி, வழக்கு, ஊர்ப்பெயர் என்று வேணாட்டின் பல நூற்றாண்டு வாழ்க்கை அந்த ஓலைகளில் கிடக்கிறது. எழுத்து வட்டெழுத்து, மலையாண்மை என்ற இன்னொரு பழைய எழுத்து, தமிழ் என்று கலந்து வரும். மொழியும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே ஓடுகிற மொழி. மலையாளம் மட்டும் தெரிந்தவர் பாதியில் நின்றுவிடுவார். தமிழ் மட்டும் தெரிந்தவரும் அப்படித்தான். இரண்டும் வீட்டிலேயே காதில் விழ வளர்ந்த பிள்ளைகள் பாறசாலையிலும் களியக்காவிளையிலும் குழித்துறையிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஆண்டுக்குப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்திலும் இந்தக் காப்பகத்திலும் இரண்டு ஆண்டு வட்டெழுத்துப் பயிற்சி தரலாம். செலவை இரு மாநிலங்களும் பாதிப்பாதியாக ஏற்றுக்கொள்ளலாம். நவராத்திரி ஊர்வலத்துக்கு ஆண்டுதோறும் செய்யும் ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

ஓலைகளைப் படிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இந்த வகுப்பைத் தொடங்கியாக வேண்டும்.